குறுகிய வில் வேட்டைப் பயணத்தில் பரண் எங்கே போடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று, நான்கு நாள் லீவு போட்டுவிட்டு அமெரிக்காவில் வேறொரு மாநிலத்துக்கு வில்லோடு கிளம்பும் நண்பர்கள், வில்லைப் பற்றி என்னிடம் கேட்பது குறைவு. திரும்பத் திரும்ப வருவது "எங்கே உட்காருவது?" என்ற கேள்விதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாமே வெள்ளைவால் மானை, முன்பின் தெரியாத பொது நிலத்தில், மரத்தில் பரண் போட்டு வேட்டையாடுவது பற்றியவை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அங்கே இதில் எதுவும் பொருந்தாது.

துப்பாக்கிக்காரர்கள் இடத்துக்காக இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்வதில்லையே, நமக்கு மட்டும் ஏன்?

தூரம்தான் காரணம். ரைஃபிள் வைத்திருப்பவருக்கு 150 கெஜத்தில் மான் கடந்து போனாலும் வாய்ப்பு உண்டு. அவர் சரியான பள்ளத்தாக்கில் இருந்தால் போதும். வில்லுக்கு 20, 30 கெஜம் என்பதே பெரும்பாலானவர்களுக்கு நியாயமான எல்லை. சரியான பள்ளத்தாக்கில் தப்பான மரத்தில் ஏறினால், நாள் முழுக்க மானை வேடிக்கை பார்த்துவிட்டு இறங்க வேண்டியதுதான்.

அந்த நெருக்கத்தில் மானின் மூக்கு, காது, கண் மூன்றும் நமக்கு எதிராக வேலை செய்கின்றன. மான் நடக்கும் வழி தெரிந்தால் மட்டும் போதாது. அது வரும்போது நம் வாடை எங்கே போகிறது, நாம் எந்தப் பின்னணியில் தெரிகிறோம், வில்லை எப்போது இழுக்கலாம் என்பதெல்லாம் அந்த ஒரு மரத்தைப் பொறுத்துத்தான்.

நாலு நாள்தான் இருக்கிறது. அதில் நோட்டம் பார்க்க ஒரு நாள் போய்விட்டால் எப்படி?

முழு நாள் தேவையில்லை. பாதிக்கு மேல் வேலை வீட்டிலேயே வரைபடத்தில் முடிந்துவிடும். போய்ச் சேர்ந்த அன்று மதியம், மான்கள் படுத்து அசைபோடும் நேரத்தில், குறித்து வைத்த இடங்களை நடந்து பாருங்கள். அன்று மாலை நிறையத் தூரம் தெரியும் ஓர் ஓரத்தில் வில்லும் பைனாகுலருமாக உட்காருங்கள். வேட்டைக்கு வேட்டை, நோட்டத்துக்கு நோட்டம். எங்கிருந்து மான் வெளியே வருகிறது என்று ஒரு மாலையில் கண்ணால் பார்த்துவிட்டால், வரைபடத்தில் போட்ட பாதி யூகங்கள் தானாக உதிர்ந்துவிடும்.

நான் வேண்டாம் என்று சொல்வது ஒன்றைத்தான்: முதல் நாள் விடியற்காலை இருட்டில், பார்த்தே இராத காட்டுக்குள் டார்ச்சோடு நுழைவது. படுக்கைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் மான்களை எங்கே கலைத்தோம் என்பதே நமக்குத் தெரியாமல் போகும்.

வரைபடத்தில் எதைத் தேடுவது? எல்லாம் ஒரே பச்சையாகத் தெரிகிறது.

செயற்கைக்கோள் படத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். உயரக்கோடுகள் போட்ட வரைபடத்தைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு குன்றுகளுக்கு நடுவில் முகடு தாழும் இடம், செங்குத்துச் சரிவின் நடுவே படிக்கட்டு மாதிரி வரும் சமதளம், சரிவை அறுத்துக்கொண்டு இறங்கும் ஓடைப் பள்ளத்தின் தலைப்பகுதி இவையெல்லாம் மானை ஒடுக்கி ஒரே வழியில் நடக்க வைக்கும். மானும் நம்மைப் போல ஏற்றத்தை மிச்சம் பிடிக்கிற பிராணிதான். சமவெளியில் மேடு பள்ளம் கிடைக்காது. அங்கே வயலுக்குள் காடு மூக்கை நீட்டும் இடம், காடு வயலை உள்பக்கமாக வளைக்கும் மூலை, இரண்டு தோப்புகளை இணைக்கும் மெல்லிய மரவரிசை, ஓடை வளைந்து காட்டை நெருக்கும் இடம் ஆகியவற்றைப் பாருங்கள்.

அப்புறம் வாகனம் நிறுத்தும் இடங்களைக் குறியுங்கள். பெரும்பாலானவர்கள் அங்கிருந்து அரை மைலுக்குள் நின்றுவிடுவார்கள். அதைத் தாண்டிய இடங்கள் நல்லவை என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். யாரும் கவனிக்காதது, சாலைக்கு வெகு அருகில் ஓர் ஓடையோ சதுப்போ குறுக்கே இருப்பதால் ஒருவரும் கால் வைக்காத சின்னத் துண்டுகள். குறுகிய பயணத்துக்கு எனக்கு அவைதான் பிடிக்கும். போக வர நேரம் வீணாகாது.

படம் எப்போது எடுத்தது என்று கட்டாயம் பாருங்கள். அடர்ந்த காடாகத் தெரிவது அதற்குள் வெட்டப்பட்டிருக்கலாம். வெட்டிச் சில ஆண்டுகள் ஆன இடம் புதர் மண்டி மானுக்குப் படுக்கையும் தீனியுமாகியிருக்கும். அதைக் கண்டுபிடித்தால் சந்தோஷப்படுங்கள். குளிர்காலத்தில் எடுத்த படம் கிடைத்தால் இலையுதிராத மரக்கூட்டங்கள் தனியாகத் தெரியும்.

களத்தில் ரப், ஸ்க்ரேப், தடம் எல்லாம் நிறைய இருக்கிறது. எதை நம்புவது?

புதியதை நம்புங்கள். சொந்த நிலம் வைத்திருப்பவருக்குப் போன வருட அடையாளமும் பாடம். நான்கு நாள் விருந்தாளிக்கு நேற்றைய அடையாளம்தான் செய்தி. ரப் என்பது ஆண் மான் கொம்பால் மரப்பட்டையை உரித்த இடம். புதிதென்றால் மரம் ஈரமாக, வெளிறித் தெரியும். அடியில் பட்டைத் துருவல் கிடக்கும். பழையது காய்ந்து பழுப்பாகிவிடும். புழுக்கை பளபளவென்று ஈரமாக இருந்தால் மான் அண்மையில் வந்திருக்கிறது. மழை விட்ட மறுநாள் ஓடைக் கடவுகளில் பதிந்த குளம்படியைவிடத் தெளிவான கையெழுத்து கிடையாது.

ஸ்க்ரேப் விஷயத்தில்தான் புதியவர்கள் மயங்குவார்கள். தாழ்ந்த கிளைக்கு அடியில் ஆண் மான் தரையைக் கீறி வாடை விட்டுச் செல்லும் இடம் அது. ஆனால் ஸ்க்ரேப்புக்கு மான் வருவது பெரும்பாலும் இரவில். வயல் ஓரத்தில் அழகாக வரிசையாக இருப்பவற்றைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுங்கள். அடர்த்திக்குள், படுக்கைப் பக்கமாக இருக்கும் ஸ்க்ரேப்பில்தான் வெளிச்சம் இருக்கும்போது மான் நிற்க வாய்ப்பு அதிகம்.

தடத்திலும் அதே எச்சரிக்கைதான். நெடுஞ்சாலை மாதிரித் தேய்ந்து கிடக்கும் பெரிய தடம் பெண் மான்களும் குட்டிகளும் இரவில் வயலுக்குப் போகும் வழியாக இருக்கலாம். அதற்குக் காற்றுவாக்கில் சற்றுத் தள்ளி, இலைகள் லேசாகக் கலைந்த மெல்லிய தடம் ஒன்று இணையாக ஓடுகிறதா என்று தேடுங்கள். வயது முதிர்ந்த ஆண் மான்கள் பெரிய தடத்தை மோப்பம் பிடித்தபடி அதில் நடக்கும்.

ஓக் மரத்தடியில் உட்கார் என்கிறார்கள். காடு முழுக்க ஓக்தானே?

ஓக்கில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. இலையின் மடல்கள் உருண்டையாக இருந்தால் வெள்ளை ஓக். மடல் கூராகி நுனியில் முள் போன்ற மயிர் இருந்தால் சிவப்பு ஓக். வெள்ளை ஓக்கின் கொட்டை ஒரே பருவத்தில் முதிரும், துவர்ப்பு குறைவு, மான் அதைத்தான் முதலில் தேடும். சிவப்பு ஓக்கின் கொட்டை முதிர இரண்டு பருவம் ஆகும், துவர்ப்பு அதிகம். வெள்ளை தீர்ந்தபின் மான் இதற்கு வரும். அதனால் பருவத் தொடக்கத்தில் வெள்ளை, பிற்பாடு சிவப்பு.

எல்லா மரமும் எல்லா வருடமும் காய்ப்பதில்லை. மதிய நடையில் பைனாகுலரால் உச்சிக் கிளைகளைப் பாருங்கள். கொஞ்சம் நின்று காது கொடுங்கள். கொட்டும் மரம் சத்தத்திலேயே தெரியும். அடியில் கடித்த ஓடும் புதுப் புழுக்கையும் கலந்து கிடந்தால் அன்று மாலைக்கு வேறு யோசனை வேண்டாம்.

காற்று முக்கியம் என்று தெரியும். வாடை நீக்கும் ஸ்ப்ரே அடித்துக்கொண்டால் சமாளிக்கலாமா?

கொஞ்சம் குறையலாம், மறையாது. குளியுங்கள், சுத்தமான துணி போடுங்கள், அதெல்லாம் சரி. ஆனால் ஸ்ப்ரேயை நம்பித் தப்பான காற்றில் உட்காராதீர்கள்.

வடமேற்குக் காற்று என்று வானிலை அறிக்கை சொன்னால் அது வடமேற்கிலிருந்து வருகிறது. உங்கள் வாடை தென்கிழக்கே போகும். மான் வரக்கூடிய வழி அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. இது அடிப்படை. இதற்கு மேல் ஒரு நுணுக்கம் உண்டு. முழுக்க உங்களுக்கு மட்டும் சாதகமான காற்றில் பெரிய ஆண் மான் நடக்கவே விரும்பாது. அதற்கும் மூக்கில் ஏதாவது கிடைக்க வேண்டும். அதனால் நல்ல பரண் என்பது, மான் தனக்குக் காற்று சாதகம் என்று நம்பிக்கொண்டு வரும் வழிக்குச் சற்றே பக்கவாட்டில், உங்கள் வாடை அந்த வழியை மயிரிழையில் தவறவிடும் இடத்தில் இருக்கும். ஆபத்தான விளையாட்டுதான். பெரிய மான்கள் பல அப்படித்தான் கிடைக்கின்றன.

காற்றின் திசை பார்க்கப் பவுடர் புட்டியைவிட மில்க்வீட் பஞ்சு நல்லது. எருக்கின் குடும்பத்துச் செடி அது. எருக்கம்பஞ்சு போலவே மிதக்கும். ஒன்றைப் பறக்கவிட்டால், முகத்தருகே மட்டுமல்லாமல் 50 கெஜம் தள்ளிக் காற்று எங்கே திரும்புகிறது, எங்கே அமுங்குகிறது என்பதும் தெரியும்.

காலையில் சரியாக இருந்த காற்று சாயங்காலம் துரோகம் செய்துவிட்டது. அறிக்கையில் மாற்றமே இல்லையே?

மலைப்பாங்கான இடமாக இருக்கும். வெயில் பட்டுச் சரிவு சூடானதும் அதை ஒட்டிய காற்று மேலே ஏறும். மாலையில் நிழல் விழுந்து நிலம் குளிர்ந்ததும் கனத்த காற்று கீழே வழியும். மழைத் தண்ணீர் எந்தப் பள்ளத்தில் இறங்குமோ அதே பள்ளத்தில் மாலைக் காற்றும் இறங்கும். பொதுவான காற்று பலமாக வீசும் நாளில் இது அடங்கிப் போகும். அமைதியான தெளிந்த மாலையில், கடைசி ஒரு மணி நேரத்தில், இதுதான் ராஜா. அந்த ஒரு மணி நேரம்தான் நமக்கும் வேண்டியது.

இதிலிருந்து வருவது: மாலையில் மான் உங்களுக்குக் கீழே வரும்படி சரிவின் உச்சியில் உட்காராதீர்கள், வாடை அதன் தலையில் கொட்டும். காலையில் வெயில் ஏறிய பின் இதற்கு நேரெதிர். மேலே உட்கார்ந்தால் வாடை தலைக்கு மேலேயே போய்விடும். கிழக்குப் பார்த்த சரிவு சீக்கிரம் சூடாகும். ஆனால் மாலையில் முதலில் நிழலாவதும் அதுவே. மேற்குச் சரிவுக்கு இந்தக் கணக்கு தாமதமாக வரும். இரண்டு மூன்று ஓடைப் பள்ளங்கள் கூடும் அடிவாரத்தில் தடங்களும் கூடும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அங்கே காற்று சுழன்றுகொண்டே இருக்கும். மேலே சொன்ன பஞ்சைப் பறக்கவிட்டுப் பார்த்தால் ஆசை தீர்ந்துவிடும்.

அப்படியானால் காலைக்கு ஒரு மரம், மாலைக்கு ஒரு மரமா?

ஆமாம், பெரும்பாலும். மாலையில் மான் படுக்கையிலிருந்து தீனிக்குப் போகிறது. தீனி இடத்தின் ஓரத்தில், அல்லது அதற்குச் சற்று உள்ளே, வெளிச்சம் போகும் முன் மான் தயங்கி நிற்கும் இடத்தில் உட்காரலாம். காலையில் அதே வயலுக்கு இருட்டில் நடந்தால் அங்கே மேய்ந்துகொண்டிருப்பவற்றை நீங்களே துரத்துவீர்கள். காலைக்குப் படுக்கைப் பக்கத்து மரம்தான் வேண்டும். அதுவும் வயலைச் சுற்றிப் பின்பக்கமாக, மான்கள் திரும்பும் முன்னரே ஏறிவிட முடிந்தால்.

சத்தமில்லாமல் போக வழியே இல்லையென்றால் காலையில் தூங்குங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். லீவு போட்டுவிட்டுத் தூங்குவதா என்று மனசு உறுத்தும். ஒரு மோசமான காலை, அன்றைய மாலையையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

உள்ளே போகும் வழிக்கு ஏன் இவ்வளவு அழுத்தம்? மெதுவாக நடந்தால் போதாதா?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் தேர்ந்தெடுப்பது வழியை; அப்புறம்தான் மரம். எவ்வளவு அடையாளம் குவிந்து கிடந்தாலும், மான்களுக்குத் தெரியாமல் போய் ஏறி, தெரியாமல் இறங்கி வர முடியாத இடம் குறுகிய பயணத்துக்கு உதவாது. அந்த ஊர்க்காரர் ஒரு வாரம் விட்டு மறுபடி வரலாம். உங்களுக்கு அந்த வசதி கிடையாது.

நல்ல வழிகள் தாழ்வாக இருக்கும். ஓடைக்குள்ளேயே நடப்பது தடத்தையும் சத்தத்தையும் வாடையையும் குறைக்கும். ஆழமான வாய்க்கால், அறுவடையாகாத சோளக்கொல்லையின் ஓரம், முகட்டின் மறுபக்கம் எல்லாம் உங்கள் உருவத்தை மறைக்கும். மான் கடக்கும் தடத்தைக் குறுக்கே மிதிக்காமல் மரத்தை அடைய முடிகிறதா என்று பகலிலேயே நடந்து பாருங்கள். இருட்டில் தடுமாறாமலிருக்க ஃபோனில் அந்தப் பாதையைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வெளியே வரும் வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. மாலை முடிந்து முன்னால் வயலில் பத்து மான் மேய்ந்துகொண்டிருக்கும்போது எப்படி இறங்குவீர்கள்? காட்டுக்குள்ளாகப் பின்பக்கம் வெளியேற ஒரு வழி இருக்கும் மரத்தையே தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் அவை நகரும்வரை இருட்டில் காத்திருக்கத் தயாராக இருங்கள்.

படுக்கைக்கு எவ்வளவு நெருக்கமாகப் போகலாம்?

இதற்கு ஒரே எண் கிடையாது. இலைகள் உள்ள அடர்ந்த காட்டில், ஈரத் தரையில், காற்று சலசலக்கும் நாளில் 100 கெஜம்வரை போக முடியும். இலை உதிர்ந்து காய்ந்த தரையில் அதைப்போல இருமடங்கு தூரத்திலேயே கேட்டுவிடும். முதல் நாள் வெளியோரத்தில் தொடங்கி, ஒவ்வொரு நாளும் உள்ளே நெருங்குவதுதான் என் வழக்கம். கடைசி நாளுக்கு முந்தின நாள் துணிந்து உள்ளே போகலாம். கலைந்தாலும் இழப்பு சின்னது. பெரும்பாலானவர்கள் கடைப்பிடிக்கும் "படுக்கையைத் தொடவே தொடாதே" என்ற விதி, பருவம் முழுக்க அங்கேயே வேட்டையாடுபவருக்கானது.

எந்த மரம், எவ்வளவு உயரம்?

16 முதல் 20 அடி பலருக்கும் போதும். உயரத்தைவிடப் பின்னணி முக்கியம். பின்னால் கிளையோ இன்னொரு மரமோ இல்லாமல் வானம் மட்டும் இருந்தால் 25 அடியிலும் தெரிவீர்கள். இரட்டைத் தண்டு மரமோ, பழுத்த இலைகள் உதிராமல் நிற்கும் மரமோ கிடைத்தால் 14 அடியிலும் ஒளியலாம். உயரம் கூடக்கூட அம்பின் கோணம் செங்குத்தாகி, இரண்டு நுரையீரலையும் துளைக்கும் வாய்ப்பு குறையும்.

தடத்துக்கு நேர் மேலே ஏறாதீர்கள். 15 முதல் 20 கெஜம் தள்ளி, மான் பக்கவாட்டாகவோ லேசாக விலகியோ நடக்கும் கோணத்தில் இருங்கள். வலக்கையால் நாண் இழுப்பவருக்கு இடப்பக்கம் எய்வது சுலபம். உட்கார்ந்தபடியே உடலைத் திருப்ப வேண்டியிருக்காது. மான் வரும் திசை இடப்பக்கம் விழும்படி பலகையைப் பொருத்துங்கள். மாலை வெயில் உங்கள் முகத்தில் அடிக்கக் கூடாது.

மான் 15 கெஜத்தில் நின்றது, வில்லை இழுக்கவே முடியவில்லை. இடம் தப்பா?

இடம் சரி, மரம் தப்பாக இருக்கலாம். ஏறியதும் முதல் வேலையாக, மான் வரும் வழியில் அதன் தலை எந்தெந்த மரத்துக்குப் பின்னால் மறையும் என்று பாருங்கள். அந்த நொடிகளில்தான் இழுக்க முடியும். அப்படி ஒரு மறைப்புகூட இல்லாத திறந்த வெளியைப் பார்த்து உட்கார்ந்தால், எவ்வளவு பக்கத்தில் வந்தாலும் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டு உறைந்து போவீர்கள். அதே நேரத்தில் கோணத்தைச் சரிசெய்து தூரத்தை அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரால் நாலைந்து மரங்களுக்கு அளந்து மனதில் வையுங்கள்.

கிளைம்பர், ஹேங்-ஆன், சேடில், கூடாரம். எதை எடுத்துப் போவது?

கிளைம்பர் என்பது நாம் நின்றபடியே தண்டில் நகர்த்தி ஏற்றும் பரண்; நேரான, கிளையில்லாத தண்டில் மட்டுமே ஏறும். அப்படிப்பட்ட மரம் இல்லாத இடத்தில் சும்மா சுமை. ஹேங்-ஆன் என்பது மரத்தில் வாரால் கட்டும் பரண்; ஏணித் துண்டுகளோடு எடையானாலும் கோணல் மரத்திலும் ஏறலாம். தினமும் இடம் மாற்றும் பயணத்துக்கு, இடுப்பில் மாட்டிக் கயிற்றில் தொங்கும் சேடில் நல்ல பொருத்தம். ஆனால் வீட்டில் பழகாமல் காட்டில் முதல்முறை தொங்காதீர்கள். தரைக் கூடாரத்தை மான்கள் பழகச் சில நாள் ஆகும் என்பதால் எனக்கு அது கடைசித் தெரிவு. புதருக்குள் செருகி வைத்தால் பரவாயில்லை.

15 அடிதானே, ஹார்னஸ் அவசியமா?

அவசியம். விழுவது பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியிலிருந்து பலகைக்குக் கால் மாற்றும்போதும்தான். அதனால் தரையை விட்ட நொடியிலிருந்து திரும்பத் தரையைத் தொடும்வரை முழு உடல் ஹார்னஸ், அதாவது பாதுகாப்பு வார், மரத்தோடு இணைந்திருக்க வேண்டும். விழுந்து தொங்கிக்கொண்டிருந்தால் தொடை வாரால் ரத்த ஓட்டம் தடைபடும். காலை ஊன்றி எழ ஒரு சின்ன வார் பையில் இருக்கட்டும். வில்லைக் கயிற்றில் கட்டி மேலே இழுங்கள், அம்புகள் கூட்டுக்குள்.

மரத்தையும் பாருங்கள். 2002இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட பச்சை வண்டு ஒன்று கிழக்கு, மத்திய மாநிலங்களில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கிறது. பட்ட ஆஷ் நேராக, ஏற வசதியாக நிற்கும், சொல்லாமல் முறியும். எந்த மரம், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள்.

பொது நிலம்தானே, எங்கே வேண்டுமானாலும் கட்டலாமா?

மாநிலத்துக்கு மாநிலம், சில சமயம் ஒரே மாநிலத்தில் நிலத்துக்கு நிலம் மாறும். ஆணி அடிப்பதும் மரத்தில் திருகும் படிகளும் பல இடங்களில் கூடாது. சில இடங்களில் இரவு பரணை விட்டுவிட்டு வரக் கூடாது. விடலாம் என்றால் பெயர் அல்லது அடையாள எண் ஒட்டியிருக்க வேண்டும். கிளை வெட்டுவதற்கும் தடை இருக்கலாம். தானியங்கிக் கேமராவைக் கான்சஸ் தன் வனவிலங்குத் துறை நிர்வகிக்கும் நிலங்களில் தடை செய்திருக்கிறது. அரிசோனா வேட்டைக்காக அதைப் பயன்படுத்துவதையே 2022 முதல் தடை செய்திருக்கிறது. டெக்சஸ், மிசௌரி போன்ற பல மாநிலங்களில் மரத்தில் ஊதாப் பட்டை இருந்தால் தனியார் நிலம், நுழையாதே என்று பொருள்.

அனுமதிச் சீட்டை முதலில் பாருங்கள், மரத்தை அப்புறம் பார்க்கலாம். ஒஹாயோவில் வெளிமாநிலத்தவர் நேராக வாங்கலாம். ஐயோவாவில் குலுக்கல், அதற்குப் பல ஆண்டுகள் புள்ளி சேர்க்க வேண்டும். நியூயார்க், மொன்டானா போன்றவை தனியாக வில் வேட்டைப் பயிற்சிச் சான்றும் கேட்கும். மான்களைத் தாக்கும் சிடபிள்யூடி நோய் காரணமாக மூளையும் முதுகெலும்பும் உள்ள உடலைப் பல மாநிலங்கள் எல்லைக்குள் விடாது. எலும்பு நீக்கிய இறைச்சியாகவே கொண்டுவரத் திட்டமிடுங்கள். வில் பருவத்தோடு துப்பாக்கிப் பருவமும் ஓடும் நாட்களில் ஆரஞ்சு உடை கட்டாயமாகலாம். மானுக்கு நீண்ட அலைநீள நிறங்கள் சரியாகத் தெரியாது, ஆரஞ்சைப் பற்றிக் கவலை வேண்டாம்.

குறித்து வைத்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்வது?

சத்தமில்லாமல் திரும்புங்கள். அவர் பரணில் ஆள் இல்லாவிட்டாலும் அதில் ஏறாதீர்கள். ஒவ்வொரு காற்றுத் திசைக்கும் குறைந்தது இரண்டு மரங்கள் கைவசம் இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். அவர் நடந்து வந்த வழியையும் கவனியுங்கள். அந்த வழியை மான்கள் சுற்றிப் போகும். சுற்றும் அந்த ஒடுக்கம் எங்கே என்று வரைபடத்தில் தேடினால், அவருடைய நடமாட்டமே உங்களுக்கு உதவும்.

ரட் காலத்தில் இதெல்லாம் மாறுமா?

பாதி மாறும். ரட் எனப்படும் இணை சேரும் பருவத்தைத் தீர்மானிப்பது பகல் நீளம். வட மாநிலங்களில் நவம்பர் நடுவில் உச்சம். தெற்கே போகப் போக இது இடத்துக்கு இடம் சிதறும், ஃப்ளோரிடாவில் மாதக்கணக்கில் வித்தியாசப்படும். அதனால் போகும் மாவட்டத்தின் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த நாட்களில் ஆண் மான் தீனியை மறந்து பெண் மானைத் தேடி அலையும். பெண் மான்கள் படுக்கும் இடத்தின் காற்றுவாக்கு ஓரமும், அப்படி இரண்டு படுக்கைகளுக்கு நடுவே உள்ள ஒடுக்கமும் பொன்னான இடங்கள். நாள் முழுக்க உட்காருங்கள், மதியம் 12 மணிக்கும் வரும். மாறாதது காற்றும் வழியும்.

நிலா, மழை பார்த்துத் தேதி குறிக்கலாமா?

நிலாவுக்காக வேண்டாம். ஜிபிஎஸ் பட்டை கட்டிச் செய்த ஆய்வுகளில் மானின் பகல் நடமாட்டத்தில் நிலாவின் பங்கு பெரிதாகத் தெரியவில்லை. திடீரென்று குளிர் இறங்கும் நாள் கிடைத்தால் நல்ல மரத்தை அதற்கு வையுங்கள். தூறல் உங்கள் காலடிச் சத்தத்தை விழுங்கும். கொட்டும் மழையில் எய்யாதீர்கள். ரத்தத் தடம் கரைந்துவிடும்.

முதல் நாள் ஒன்றும் வரவில்லை. பொறுமையா, இடமாற்றமா?

ஒன்றும் வரவில்லை என்பதில் இரண்டு வகை. மான்கள் வந்தன, ஆனால் 80 கெஜம் தள்ளி ஒரே வழியில் போயின என்றால் மறுநாளே அங்கே மாறுங்கள், தயங்க எதுவுமில்லை. எதுவுமே கண்ணில் படவில்லை என்றால், காற்று நடுவில் திரும்பியதா, வெயில் அதிகமா, வேறு ஆள் நடந்தாரா என்று கேட்டுப் பாருங்கள். காரணம் கிடைத்தால் இடத்துக்கு இன்னொரு வாய்ப்பு தரலாம். கிடைக்கவில்லை, மதியம் போய்ப் பார்த்தால் புது அடையாளமும் இல்லை என்றால் மூட்டையைக் கட்டுங்கள். ஒரு மரத்தில் முதல்முறை உட்காரும்போது இருக்கும் வாய்ப்பு அடுத்தடுத்த முறை குறைந்துகொண்டே போகும். ஒரே இடத்தில் மூன்று நாள் உட்காருவதைப் பொறுமை என்று நான் சொல்ல மாட்டேன்.

கடைசி மாலை. நல்ல இடம் ஒன்றுதான், காற்றோ தப்பு. துணிந்து போய்விடவா?

அதே மரத்துக்கு வேண்டாம். கெடுத்தால் கெடட்டும் என்ற தைரியம் கடைசி நாளில் வருவது நியாயம்தான். ஆனால் தப்பான காற்றில் மான் வரும் வாய்ப்பு அன்றைக்கும் அதேதான். அந்த இடத்துக்கே மறுபக்கமாகப் போக முடிகிறதா என்று பாருங்கள். தடத்துக்கு எதிர்ப்பக்கம், காற்று சரியாக விழும் இடத்தில் ஏற மரம் இல்லாவிட்டால் விழுந்த மரத்தின் வேர்ப்பின்னல் இருந்தாலும் போதும். அதற்குப் பின்னால் ஒரு சின்ன முக்காலியைப் போட்டுத் தரையிலேயே உட்காருங்கள். மண்டியிட்டு வில் இழுப்பதை வீட்டிலேயே பழகியிருந்தால் இது நன்றாகவே வேலை செய்யும். சட்டப்படியான நேரம் பல மாநிலங்களில் சூரியன் மறைந்து அரை மணிவரை. தரையில் அதற்கு முன்பே கண் மங்கிவிடும், எனவே வெளிச்சம் போதவில்லை என்றால் நேரம் மீதி இருந்தாலும் அம்பைக் கூட்டுக்குள் போட்டுவிடுங்கள்.